142 அட்டைகள், மேஜர் லீக்கில் ஆடிய யூதர்கள்: வாங்கலாமா?

2003இல் அமெரிக்க யூத வரலாற்றுக் கழகத்துக்காக ஃப்ளீர் நிறுவனம் அச்சடித்த, ஆட்டக்காரர்களின் படம் போட்ட, சேகரித்து வைக்கும் பேஸ்பால் அட்டைகளின் பெட்டி இது. அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலைப் போட்டியான மேஜர் லீக் தொடங்கிய காலத்திலிருந்து அதுவரை ஆடிய யூதர்கள், மொத்தம் 142 அட்டைகள். இப்போது புதிதாகக் கிடைக்காது. பழைய அட்டைகள் விற்கும் ஒருவரிடம்தான் வாங்கினேன். அவர் ரப்பர் பேண்ட் போட்டு அனுப்பியதில் மேலே இருந்த நாலைந்து அட்டைகளுக்கு முனை மடங்கிவிட்டது, அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே எப்படிக் கட்டி அனுப்புவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியைத் திறந்ததும் எல்லோரையும் போல நானும் சாண்டி கூஃபாக்ஸைத்தான் தேடினேன். 1965 வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடரின் முதல் ஆட்டம், யூதர்களுக்கு மிகப் புனிதமான யோம் கிப்பூர் நோன்பன்று வந்ததால் பந்து வீச மறுத்தவர், அதே தொடரின் ஏழாவது ஆட்டத்தில் இரண்டே நாள் ஓய்வோடு வந்து எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் ஜெயித்துக் கொடுத்தவர். அவர் பக்கத்தில் கென் ஹோல்ட்ஸ்மேன் அட்டையை வைத்துப் பார்த்தேன். 1966இல் யோம் கிப்பூருக்கு மறுநாள் இந்த இரண்டு பேரும் நேருக்கு நேர் பந்து வீசி, இளைஞர் ஹோல்ட்ஸ்மேன் 2-1 என்று ஜெயித்தார். ஆனால் எனக்கு மனசு நின்றது ஹாங்க் கிரீன்பர்க்கிடம். 1934இல் டெட்ராய்ட் அணி கோப்பைக்குப் போராடிக்கொண்டிருந்தபோது, யூதப் புத்தாண்டன்று ஆடலாமா கூடாதா என்று தவித்து, கடைசியில் ஆடி, இரண்டு ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போல எல்லை தாண்டிப் போகும் அடி) அடித்து 2-1 என்று அணியைக் கரை சேர்த்தார். பத்தாம் நாள் யோம் கிப்பூர் வந்ததும் ஆடாமல் தொழுகைக்குப் போனார். மைதானங்களில் இன வசவு கேட்டுக்கொண்டே 1938இல் 58 ஹோம் ரன் அடித்த மனிதர், 1947இல் தன் கடைசி சீசனில், முதல் ஆண்டு ஆடிக்கொண்டிருந்த கறுப்பினத்தவர் ஜாக்கி ராபின்சனுக்கு ஆறுதலும் தைரியமும் சொன்னார். வசவின் வலி தெரிந்தவர் அல்லவா.

சரி, நட்சத்திரங்களின் அட்டை எங்கும் கிடைக்கும். இந்தப் பெட்டியை வாங்கச் சொல்வதற்குக் காரணம் மற்றவர்கள். 1866லேயே சம்பளம் வாங்கி ஆடிய லிப்மன் பைக். உளவாளியாகவும் வேலை செய்த கேட்சர் (அடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) மோ பெர்க். 1973இல் முதல் டெசிக்னேட்டட் ஹிட்டராக, அதாவது பந்து வீச்சாளருக்குப் பதிலாக அடிக்க மட்டும் இறங்குபவராக, களம் கண்ட ரான் ப்ளூம்பர்க். அதுவரை ஒரு அட்டைகூட வராதவர்கள் பலருக்கு இதில்தான் முதன்முதலாக வந்தது. அந்தக் காலத்தில் கோஹன் என்ற யூதப் பெயரோடு ஆடினால் என்ன ஆகுமோ என்று பெயரை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. பிலிப் கோஹன், ஃபில் கூனி என்ற பெயரில் 1905இல் ஆடியது ஒரே ஒரு ஆட்டம். பேஸ்பாலின் பெரிய நட்சத்திரம் பேப் ரூத்தின் அறைத்தோழர் ஜிம்மி ரீஸின் பிறந்த பெயர் சாலமன். இப்படிப்பட்டவர்களை கூஃபாக்ஸோடு ஒரே வரிசையில் வைத்ததற்கே நான் கொடுத்த பணம் தகும்.

குறை என்றால், அட்டையின் பின்பக்கத்தில் எவ்வளவுதான் எழுத முடியும்? கிரீன்பர்க்கின் 1934ஆம் ஆண்டு மட்டுமே ஒரு முழுப் பக்கம் கேட்கும், நீங்களே தேடிப் படித்தால்தான் பெட்டி முழுசாகப் பேசும். 2003க்குப் பிறகு வந்த கெவின் யூக்கிலிஸ், ரயன் ப்ரான், அலெக்ஸ் ப்ரெக்மன் போன்றவர்களும் இதில் இல்லை.