ஞாயிறு ராத்திரி பல ஏலம், கேட்பதோ அதே ஆட்கள்: வடசென்னை கார்டு ஏலக் குழுக்கள் எப்படி?

வாங்குகிறவருக்கு இது நல்ல காலம். விற்கிறவர் ஞாயிற்றுக்கிழமை பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. பெரம்பூர், கொளத்தூர், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை வட்டாரத்தில் போனிலேயே நடக்கும், சேகரிப்பவர்கள் வாங்கி விற்கும் படக் கார்டு ஏலங்களைப் பற்றிச் சுருக்கமாகக் கேட்டால் இதுதான் பதில். யார் பெயரும் வேண்டாம். குழுவில் இருப்பவர்களுக்குக் கிழமையைச் சொன்னாலே புரியும்.

இங்கே ஓடும் சரக்கில் பெரும்பங்கு போகிமான். அடுத்தது டாப்ஸ் நிறுவனத்தின் கிரிக்கெட் அட்டாக்ஸ் ஐபிஎல் கார்டுகள். அப்புறம் கொஞ்சம் பிக் ஃபன் பபுள்கம் கிரிக்கெட் கார்டு, மல்யுத்த ட்ரம்ப் கார்டு மாதிரி பழசு. 2020-21-ல் உலகம் முழுக்க கார்டு விலை ஏறியது. கார்டுக்குத் தரம் போட்டுத் தரும் அமெரிக்க நிறுவனமான பிஎஸ்ஏ, வந்து குவிந்ததைச் சமாளிக்க முடியாமல் 2021 மார்ச் கடைசியில் பெரும்பாலான சேவைகளை நிறுத்தி வைக்க வேண்டி வந்தது. அந்தச் சூட்டில் வாங்கியவர்களில் பலர் இப்போது விற்க நிற்கிறார்கள். விற்பவர் கூடக் கூட ஏலக் குழுக்களும் முளைத்தன, பெரும்பாலும் ஒரே ஞாயிறு ராத்திரியில். கேட்கிற ஆள் மட்டும் அதே ஆள்தான்.

ஏலத்தில் விலையை முடிவு செய்வது ஜெயித்தவர் இல்லை, அவருக்கு அடுத்தபடியாகக் கேட்டவர். ஒரு கார்டுக்கு ஒருவர் 3,000 ரூபாய் வரை போகத் தயார், இன்னொருவர் 2,800 வரை என்று வையுங்கள். இருவரும் ஒரே குழுவில் இருந்தால் 2,850 பக்கம் முடியும். அந்த இரண்டாவது ஆள் அதே நேரத்தில் பக்கத்துக் குழுவில் வேறு கார்டுக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால், மூன்றாவது ஆள் 1,400-ல் கழன்றுகொண்ட கையோடு 1,450-க்கு விஷயம் முடிந்துவிடும். கார்டு ஒன்றும் கெட்டுப்போகவில்லை, எதிர்த்துக் கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். வம்பு மறுநாள்தான் ஆரம்பிக்கும். "1,450-க்குத்தான் போச்சு" என்ற ஸ்க்ரீன்ஷாட் எல்லாக் குழுவிலும் சுற்றும். அடுத்த வாரம் அதே கார்டுக்கு யாரும் 1,500-ஐத் தாண்ட மாட்டார்கள்.

இந்தக் கூத்தில் சிக்காதது பெரம்பூர் பக்கத்து புதன்கிழமைக் குழு ஒன்றுதான். கிழமையை மாற்றியதே பாதி வெற்றி. ஒரு ராத்திரிக்கு 40 கார்டுக்கு மேல் எடுப்பதில்லை. குறைந்தபட்ச விலை வைத்திருந்தால் அதை முதலிலேயே எழுதிவிடுகிறார்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் யாராவது புது விலை கேட்டால் (கேள்வி என்பது இதைத்தான்) ஏலம் இன்னும் இரண்டு நிமிடம் நீளும், அதனால் கடைசி நொடியில் பாய்ந்து தட்டிக்கொண்டு போகிற வேலை செல்லாது. முன்பக்கம், பின்பக்கம், நாலு மூலை, பக்கவாட்டு என்று எல்லாப் படமும் இருக்கும். குறை என்றால், பார்சல் சனிக்கிழமைதான் கிளம்பும், அவசரக்காரர்களுக்கு ஆகாது.

வண்ணாரப்பேட்டை ஞாயிறு ஏலத்தில் எல்லாம் ஒரு ரூபாயில் தொடங்கும். நூறு கார்டுக்கு மேல் ஓடும், பத்து மணிக்கு மொத்தமாக மூடும். வாங்குகிறவருக்கு வேட்டைதான், ஆனால் கண் திறந்திருக்க வேண்டும். குழுவில் வேறு எதற்கும் வாய் திறக்காத ஒரு போன் எண் ஒரே விற்பனையாளரின் கார்டுகளுக்கு மட்டும் விலையை ஏற்றிக்கொண்டே வரும். தப்பித் தவறி ஜெயித்துவிட்டால், "வாங்கினவர் பணம் போடல" என்று அதே கார்டு இரண்டு மூன்று வாரத்தில் திரும்ப வரும். மூலையில் இருக்கும் வெள்ளைத் தேய்மானத்தைப் பழைய படத்தோடு ஒப்பிட்டால் அதே கார்டா என்று தெரிந்துவிடும். 1930-ம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-வது பிரிவு, இப்படி விற்பவரே ஆள் வைத்து விலையை ஏற்றினால் வாங்கியவர் அந்த விற்பனையையே ரத்து செய்யலாம் என்கிறது. ஏலம் முடிந்ததாக அறிவிக்கும்வரை கேட்டவர் தன் கேள்வியைத் திரும்பப் பெறலாம் என்பதும் அதே பிரிவுதான். "கேட்டா கேட்டதுதான்" என்பது அட்மின் போட்ட விதி, சட்டம் இல்லை.

கொளத்தூர் இன்ஸ்டா லைவ் பார்க்க ஜாலி. ஒரு கார்டுக்கு ஒரு நிமிடம். கமென்ட் சில நொடி தாமதித்து வருவதால் கடைசிக் கேள்விகள் தொலைந்துபோகின்றன. விலை அதிகமான கார்டை அங்கே விற்பது வீண். தண்டையார்பேட்டைக் குழுவில் கிரிக்கெட் அட்டாக்ஸ் கட்டுக் கட்டாக வரும். பையன்கள் ரப்பர் பேண்ட் போட்டு வைத்த சரக்கு அது. கட்டின் மேலும் கீழும் இருக்கும் கார்டுகளின் ஓரத்தில் பள்ளம் இருக்கும். மொத்தக் கட்டின் விலையை, உள்ளே பழுதில்லாமல் இருக்கும் ஃபாயில் (மினுமினுப்புப் பூச்சுள்ள) கார்டுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்துக் கேளுங்கள். மற்றதை இனாமாக வந்ததாக வைத்துக்கொள்ளலாம்.

எந்தக் குழுவானாலும் ஹோலோ கார்டுக்கு (முன்பக்கம் மினுமினுக்கும் ஃபாயில் உள்ளது) பக்கவாட்டுப் படம் கேட்காமல் இறங்காதீர்கள். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கடற்காற்றில் கார்டு வளையும். முன்பக்க ஃபாயில் ஈரத்தை உறிஞ்சாது, பின்பக்கக் காகிதம் உறிஞ்சி விரியும், அதனால் கார்டு படம் இருக்கும் பக்கமாகக் குழியும். நேராக மேலிருந்து எடுத்த படத்தில் இது தெரியவே தெரியாது. கண்ணாடி மேல் வைத்து ஓரத்திலிருந்து எடுத்தால் இடைவெளி பளிச்சென்று தெரியும். லேசான வளைவு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்தால் சில நாளில் இறங்கும். ஜெல்லை அள்ளிப் போட்டால் எதிர்ப்பக்கம் வளையும். மடிப்புக் கோடு விழுந்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

'ஷேடோலெஸ்' (நிழல் இல்லாத ஆரம்ப அச்சு) என்று விற்கும் முதல் போகிமான் செட் கார்டில் படச்சட்டத்தின் வலது ஓரத்தில் நிழல் இருக்கக் கூடாது. அடிவரியில் வருடங்கள் 1995, 96, 98, 99 என்று போக வேண்டும். அந்த வரிசை 98-லேயே நின்று, கடைசியில் அதை வெளியிட்ட விஸார்ட்ஸ் நிறுவனத்தின் பெயரோடு மட்டும் 1999 இருந்தால் அது அதற்குப் பின் வந்த சாதாரண அச்சு. போலியைப் பிடிக்கச் சுலப வழி, போன் டார்ச்சைப் பின்னால் பிடிப்பது. அசலின் நடுவில் கருப்புப் படலம் இருப்பதால் வெளிச்சம் அவ்வளவாக வராது. பக்கத்தில் ஒரு அசல் கார்டை வைத்து ஒப்பிடுங்கள். அளவு 63-க்கு 88 மில்லிமீட்டர் இல்லை என்றால் பேச்சே வேண்டாம். பொம்மைக் கடைகளில் பெட்டியாக விற்கும் தங்கக் கலர் கார்டுகள் பிள்ளைகள் விளையாட மட்டும்.

பேக்கிங்கில்தான் எல்லாக் குழுவும் சறுக்குகிறது. முதலில் மெல்லிய பிளாஸ்டிக் உறையான ஸ்லீவ், அதற்கு மேல் கெட்டி பிளாஸ்டிக் உறையான டாப்லோடர், அதன் வாயை மாஸ்கிங் டேப்பால் மூடி, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, பபுள் கவர். செலோ டேப் ஒட்டினால் உரிக்கும்போது இழுத்த இழுப்பில் கார்டின் மூலை போகும். ஸ்லீவ் இல்லாமல் டாப்லோடரில் நேராகப் போட்டால் பரப்பில் கீறல் விழும். விம்கோ நகர்வரை மெட்ரோ இருப்பதால், தண்டையார்பேட்டை ஸ்டேஷனிலோ திருவொற்றியூர் ஸ்டேஷனிலோ நேரில் வாங்கிக்கொள்வது கூரியரைவிட மேல். கார்டைப் பார்த்துவிட்டு அங்கேயே யுபிஐ போடலாம். 150 ரூபாய் கார்டுக்கு 80 ரூபாய் கூரியர் கொடுத்தால் அது 230 ரூபாய் கார்டு.

விற்கிறவர்கள் 500 ரூபாய்க்குக் கீழான கார்டுகளைப் பத்துப் பத்தாகச் சேர்த்து நிலையான விலையில் போடலாம். ஏலத்துக்கு எடுத்துப்போனால் நேரமும் கமிஷனும்தான் நஷ்டம். விலை உள்ளதைப் புதன் குழுவில், குறைந்தபட்ச விலையோடு. அங்கே இடம் கிடைக்க மூன்று நாலு வாரம் ஆகலாம். காத்திருங்கள், ஞாயிறுக்கு ஓடாதீர்கள்.