லீக் அடைக்கப் போன இடத்துல 14,500 ரூபாயும் போச்சு, நல்ல பார்ட்டும் போச்சு

நெல்லைப் பக்கம் கார் வச்சிருக்கிறவங்க முழுசாப் படிங்க. இன்னும் ஆத்திரம் அடங்கல, அதனால எழுத்து முன்னப்பின்ன இருக்கும்.

எங்க வண்டி 2018 மாடல் பெட்ரோல் கார். காலையில ஸ்டார்ட் பண்ணினதும் பானட்டுக்குள்ள 'டக் டக் டக்'னு ஒரு சத்தம், சூடானதும் அமுங்கிடும். புளோயரைப் போட்டா உள்ள புகை நெடி. அம்பாசமுத்திரத்துல இருந்து அம்மாவைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற வண்டி அது. சேரன்மகாதேவி தாண்டுறதுக்குள்ள அம்மா தலையைப் பிடிச்சுக்கிட்டு கண்ணாடியை இறக்கச் சொல்லுவாங்க.

பைபாஸ் ஓரத்துல, எல்லாக் கம்பெனி வண்டியும் பாக்குற ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புல விட்டேன். அம்மாவை ஃபேனுக்கு அடியில உக்காரவச்சு டீ வாங்கிக் குடுத்தாங்க. வண்டியை லிஃப்டுல ஏத்தி, டார்ச் அடிச்சு, கீழ இருந்த கேடலிடிக் கன்வெர்ட்டரை (புகையோட விஷத்தைக் குறைக்கிற டப்பா, உள்ள தேன்கூடு மாதிரி இருக்கும்) உள்ளங்கையால தட்டினார் ஒருத்தர். கடகடன்னுச்சு. "கேக்குதா அண்ணாச்சி? உள்ள தேன்கூடு உடைஞ்சு கெடக்கு, லீக்கும் இங்கதான். மாத்தாம அம்மாவை வச்சுக்கிட்டு இந்த வண்டியில போவாதிய, விஷப் புகை."

புகையைப் பத்திச் சொன்னது நிஜம். அதுல இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நெடியே கிடையாது, கண்ணாடி மூடின வண்டிக்குள்ள தேங்கினா ஆளையே கொன்னுடும். அந்த நிஜத்தைச் சொல்லித்தான் பொய்யை வித்திருக்கார். அம்மா முகத்தைப் பாத்தேன், சரின்னேன். 14,500 ரூபாய், அங்கேயே ஜிபே. பில்லு "நாளைக்கு வாட்ஸப்புல வந்துரும்". இன்னைக்கு வரைக்கும் வரல.

சாயங்காலம் வண்டியை நல்லா ஓட்டி, சூடா வச்சுத்தான் கையில குடுத்தாங்க. சத்தமே இல்ல. மறுநாள் காலையில சாவியைத் திருப்பினா அதே டக் டக். போதாததுக்கு செக் இன்ஜின் லைட் வேற எரியுது. பின்னாடி நின்னா கண்ணு கரிக்குது.

போன் போட்டேன். "புதுப் பார்ட்டுல்லா, செட்டாகட்டும்." மறுபடி போட்டேன். "பெட்ரோல் எங்க அடிச்சிய?" நேர்ல போனா, "லைட்டுக்கு சென்சார் மாத்தணும், அது தனி சார்ஜ். ஓனர் திருச்செந்தூர் போயிருக்காவ." பழைய பார்ட்டைக் கேட்டேன். "அதை இரும்புக் கடையில போட்டாச்சே அண்ணாச்சி!" அதுக்கப்புறம் என் நம்பரை எடுக்கிறதே இல்ல. தம்பி போன்ல இருந்து கூப்பிட்டா, குரலைக் கேட்டதும் கட்.

கடைசியில ஊர்லயே ஒரு பழைய மெக்கானிக் அண்ணாச்சிகிட்ட, ராத்திரியே வண்டியை விட்டுட்டு வந்தேன். காலையில இன்ஜின் ஆறிக்கிடக்கும்போதே ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, ஈரத்துணியால சைலன்சர் வாயை லேசா அடைச்சார். முன்னாடி 'புஸ்'ஸுனு காத்து சீறுது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அதாவது இன்ஜின் புகையை வாங்கி சைலன்சர் பக்கம் அனுப்புற இரும்புக் குழாய், இன்ஜினோட சேர்ற இடத்துல கேஸ்கெட் (இடுக்குல புகை கசியாம வைக்கிற அடைப்புத் தகடு) ஓரமா மை தடவின மாதிரி கரி. சோப்புத் தண்ணி தெளிச்சதும் அங்க மட்டும் நுரை கிளம்புச்சு. சூடானா இரும்பு விரிஞ்சு இடுக்கு அடைபடும், அதான் சத்தம் அமுங்குதுன்னார். தட்டினப்போ வந்த கடகட, மேல மூடியிருக்கிற தகடு லூசா இருந்தாலும் வருமாம்.

அப்புறம் கீழ படுத்துப் பாத்துட்டு, என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். கன்வெர்ட்டர் இருந்த இடத்துல வெறும் பைப்பு. வெல்டு வச்சு மேல வெள்ளி பெயிண்ட். 14,500 ரூபாய்க்கு அதுதான் எனக்குக் கிடைச்சது. கழட்டினதுக்குள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் இருக்கும், பழசுக்கே ஆயிரக்கணக்குல காசு குடுப்பாங்க. இரும்புக் கடையில போட்டாச்சாம்!

கேஸ்கெட்டும் கூலியும் சேர்த்து 1,800 ரூபாய். சத்தமும் நெடியும் போச்சு. ஆனா இந்த வண்டி இனிமே புகை டெஸ்டுக்குப் போனா என்ன ஆகும்? புதுக் கன்வெர்ட்டருக்கு அந்த 14,500-க்கு மேலேயே ஆகும்ங்கிறார். வயசானவங்களைக் காட்டிப் பயமுறுத்திக் காசு பறிச்சதைத்தான் என்னால தாங்கிக்க முடியல.

என்ன பாக்கணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், இப்ப ஓடல. புகை நெடி வந்தா கண்ணாடியை இறக்கிக்கிட்டு, முதல்ல லீக்கைப் பாருங்க. ராத்திரியே வண்டியை விட்டு, ஆறின இன்ஜின்ல பாக்கச் சொல்லுங்க, திரும்ப வாங்கும்போதும் அப்படியே. கழட்டினது கைக்கு வராம காசு குடுக்காதீங்க. பில்லு அங்கேயே வாங்குங்க. நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் பதிஞ்சாச்சு, அடுத்து நுகர்வோர் ஆணையம். பைபாஸ் பக்கம் சமீபத்துல கன்வெர்ட்டர் மாத்தினவங்க, இன்னைக்கே வண்டிக்குக் கீழ டார்ச் அடிச்சுப் பாருங்க.