டிரான்ஸ்மிஷன் கூலர் போடப் போறீங்களா? காரைக்குடி, தேவகோட்டை பக்கம் வண்டி வச்சிருக்கவங்க இத படிச்சிட்டுப் போங்க

நாலு மாசமா மனசுக்குள்ளயே வச்சிருந்தேன், இன்னைக்கு எழுதிடறேன். என் பிக்கப்புக்கு எங்க பக்கத்து டவுன்ல ஒரு பட்டறைல டிரான்ஸ்மிஷன் கூலர், அதாவது கியர்பாக்ஸ் ஆயில குளிர வைக்கற குட்டி ரேடியேட்டர், போட்டேன். புதுசுன்னு காசு வாங்கிட்டு, காயலான் கடைல எடுத்த பழச மாட்டி விட்டுட்டாங்க. கியர்பாக்ஸே போச்சு. கூலருக்கு 26,000, அப்புறம் கியர்பாக்ஸ் பிரிச்சு சரி பண்ண 1,85,000. பட்டறை பேர இங்க போடல, கேஸ் கொடுத்திருக்கேன், அது முடியட்டும்.

நான் ஆத்தங்குடி டைல்ஸ் எடுத்துட்டுப் போற வேலை பாக்கறேன். அது கண்ணாடி மேல கையாலயே கலர் ஊத்தி, தண்ணில ஊற வச்சு, காய வச்சு எடுக்கறது. சூளைல சுடறதில்ல, அதனால மூலை சட்டுனு உடைஞ்சிடும். லாரில அள்ளிப் போட்டா பத்துக்கு ஒண்ணு மூளியாத்தான் போய்ச் சேரும். அதான் சொந்தமா ட்ரெய்லர் வாங்கி, ஆர்டிஓல பதிஞ்சு, வைக்கோல் போட்டு அடுக்கி நானே ஓட்டிட்டுப் போவேன். வண்டி டர்போ டீசல், 6 ஸ்பீடு ஆட்டோமேட்டிக். ட்ரெய்லரும் லோடும் சேந்து 1,400 கிலோ வரும், கம்பெனி சொன்ன அளவுக்கு உள்ளதான்.

ஆட்டோமேட்டிக் வண்டில லோடு இழுக்கறவங்களுக்குத் தெரியும், இன்ஜினுக்கு முன்னாடி கியர்பாக்ஸ்தான் சூடாகும். டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சக்திய ஆயில் வழியா கியர்பாக்ஸுக்குக் கடத்தறது) லாக் ஆகாம வழுக்கிக்கிட்டே இழுக்குதுல்ல, அந்த சூடு பூரா ஆயில்ல ஏறும். நம்ம டர்போ வண்டில முன்னாடியே இன்டர்கூலர் (டர்போ அனுப்பற சூடான காத்த குளிர வைக்கறது), ஏசி கண்டன்சர், ரேடியேட்டர்னு மூணு அடுக்கு காத்த மறிச்சு நிக்குது. ஆயில் 80 டிகிரிக்கு மேல ஒவ்வொரு 11 டிகிரி ஏறும்போதும் அதோட ஆயுசு பாதியாகும்னு மெக்கானிக்குங்க ஒரு கணக்கு சொல்வாங்க. ஓபிடி ஸ்கேனர் (வண்டி கம்ப்யூட்டர்ல சொருகி உள்ள இருக்கற சூட்டக் காட்டற கருவி) மாட்டிப் பாத்தேன், நத்தம் தாண்டி ஒரு மத்தியானம் கியர்பாக்ஸ் ஆயில் 112 டிகிரி காட்டுச்சு. பயந்துதான் கூலர் போடப் போனேன்.

பட்டறைக்காரர் வயசானவர், நல்லா பேசினார். "தம்பி, பிளேட் டைப் கூலர், புது மாடல், கோயம்புத்தூர்லருந்து வரவச்சுத் தரேன், மாட்டிட்டு கண்ண மூடிட்டு இழு"ன்னார். நானும் நம்பி சரிண்ணேன்னு வண்டிய விட்டுட்டு வந்துட்டேன். அங்கதான் தப்பு பண்ணேன், கூட நின்னு பாத்திருக்கணும், டப்பாவ என் முன்னாடி பிரிக்கச் சொல்லிருக்கணும். சாயங்காலம் போனப்ப கூலர் கருகருன்னு பளபளப்பா மாட்டியிருந்துச்சு. என்ன ஆயில் ஊத்துனீங்கன்னு கேட்டேன், "செவப்பா இருந்தா எல்லாம் ஒண்ணுதான் தம்பி"ன்னு சொல்லி ஆயில் பேரல் பக்கம் கைய காட்டினார். அப்பவே எனக்கு உறுத்துச்சு. எல்லா ஏடிஎஃப்பும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஒண்ணு இல்ல, கம்பெனி சொன்ன வகைதான் ஊத்தணும், உராய்வு கணக்கு மாறினா கியர்பாக்ஸுக்குள்ள இருக்கற கிளட்ச் பிளேட்டு வழுக்கும். ஆனா வேலை முடிஞ்சிருச்சு, மறுநாள் லோடு ஏத்தணும், காச கொடுத்துட்டு வந்துட்டேன். பில் கேட்டதுக்கு கோடு போட்ட நோட்டுல கிழிச்சு 'கூலர் வேலை 26,000'ன்னு எழுதிக் கொடுத்தார்.

அப்ப அக்னி நட்சத்திர நேரம், கொடைக்கானலுக்கு ஒரு லோடு. நானும் மச்சானும் போனோம். வத்தலகுண்டு தாண்டி மலை ஏறி டம் டம் பாறைக்குக் கொஞ்சம் முன்னாடி கருகின வாடை. முன்னாடி போற பஸ்ஸோட பிரேக்குன்னு நெனச்சேன். அடுத்த வளைவுல இன்ஜின் கத்துது, வண்டி ஏறல. ஸ்கேனர்ல 138. ஓரம் கட்டினா மச்சான் பின்னாடி பாத்துட்டு கத்தறான், ரோடு பூரா ஆயில் கொட்டி சிவப்புக் கோடு. பின்னாடி பைக்ல வந்தவங்க யாரும் அதுல வழுக்கி விழல, அது எங்க குலதெய்வம் காப்பாத்தினது. ட்ரெய்லர் சக்கரத்துக்கு கல்லு வச்சு, வந்தவங்களுக்கெல்லாம் கைய காட்டிக்கிட்டு ரெண்டு மணி நேரம் நின்னோம். டைல்ஸ வேற வண்டில மாத்தினதுல எவ்வளவு உடைஞ்சதுன்னு எழுத மனசு வரல.

திண்டுக்கல்ல ஒரு மெக்கானிக், ஆட்டோமேட்டிக் மட்டும் பாக்கறவர், என் முன்னாடியே ஒவ்வொண்ணா கழட்டிக் காட்டினார். மொதல்ல ஹோஸ். கழண்டு விழுந்த முனைய கைல கொடுத்தார், தண்ணில ஊறின பூரி மாதிரி உப்பிப் போய் இருக்கு, விரலால அமுக்கினா கருப்பு ஒட்டிக்குது. அது ரேடியேட்டர் தண்ணிக்குப் போடற ஹோஸ். ஏடிஎஃப்புக்குன்னு தனி ஹோஸ் இருக்கு, சூடான ஆயில் பட்டா தண்ணி ஹோஸ் ஊறி இளகிடும். ஹோஸ் கழண்டு வராம இருக்க பைப் முனைல உதடு மாதிரி சின்ன மடிப்பு எடுக்கணுமாம், அதுவும் எடுக்கல, சும்மா அறுத்து சொருகி கிளாம்ப் போட்டிருக்கு.

அப்புறம் கூலர். நகத்தால கருப்பு பெயின்ட்ட சுரண்டினார். உள்ள காஞ்ச மண்ணு, பூச்சி றெக்கை, நசுங்கின ஃபின்னு (சூட்ட காத்துல விடற மெல்லிசு தகடு). ஸ்ப்ரே பெயின்ட் அடிச்சு புதுசாக்கியிருக்காங்க, அந்த பெயின்ட்டே காத்து போற சந்த அடச்சிருக்கு. எனக்கு வயிறு எரிஞ்சது அதுக்கு அப்புறம் பாத்ததுலதான். கூலர தனியா எடுத்து, ஆயில் வர்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமா கிளீனர் ஊத்தி காத்தடிச்சார். வெள்ளைத் துணில கரி மாதிரி கசடும், மினுமினுன்னு இரும்புத் துணுக்கும் வந்து விழுந்துச்சு. "ஏதோ செத்த கியர்பாக்ஸ்லருந்து எடுத்த கூலர் தம்பி இது"ன்னார். கியர்பாக்ஸ் ஒடஞ்ச வண்டியோட கூலர திரும்ப மாட்டவே கூடாதாம், உள்ள சந்துல துகள் தங்கிடும், எவ்வளவு கழுவினாலும் முழுசா போகாது. கூலர்லருந்து திரும்பி வர்ற ஆயில் பல வண்டில நேரா பேரிங், புஷ்ஷுக்குத்தான் போகும், ஃபில்டர் பக்கம் அப்புறந்தான். அதாவது அந்தக் குப்பைய என் கியர்பாக்ஸுக்குள்ள நானே காசு கொடுத்து ஊத்திருக்கேன்.

ஆயிலும் கொறச்சல். கூலரும் புது லைனும் சேந்து அரை லிட்டர் கிட்ட கூட குடிக்கும், அதுக்கு ஏத்தவே இல்ல. என் வண்டிக்கு டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பாக்கற குச்சி) கிடையாது, இன்ஜின் ஓடும்போது ஆயில் சூடு 35லருந்து 45 டிகிரிக்குள்ள இருக்கறப்ப அடி ப்ளக்க தொறந்து பாக்கணும். வண்டிக்கு வண்டி இது மாறும், உங்க மேனுவல பாருங்க.

இப்ப சரியா போட்டிருக்கறது எப்படின்னா, கியர்பாக்ஸ்லருந்து வர்ற ஆயில் மொதல்ல ரேடியேட்டருக்குள்ள இருக்கற கம்பெனி கூலருக்குப் போகுது, அப்புறம் புது கூலர், அப்புறம் திரும்ப கியர்பாக்ஸ். திரும்பற லைன்ல காந்தம் வச்ச சின்ன ஃபில்டர் ஒண்ணு. கூலர் கண்டன்சர்ல ஒட்டாம பிராக்கெட்ல நிக்குது. பழையது ரேடியேட்டர் ஃபின்னுக்குள்ளயே பிளாஸ்டிக் டை சொருகித் தொங்கவிட்டிருந்துச்சு, வண்டி ஆடற ஆட்டத்துல அது ஃபின்ன அறுத்துடும், ட்யூப்ல ஓட்டை விழுந்தா ரேடியேட்டர் தண்ணியும் போயிடும். போன வாரம் அதே மலை, அதே லோடு, 96 தாண்டல.

பட்டறைக்குப் போய் கூலர காட்டினேன். "ஓவர்லோடு ஏத்திருப்ப, அதுக்கு நான் என்ன பண்றது"ன்னுட்டார். பில்ல பாத்துட்டு இது என் கையெழுத்தே இல்லன்னார். ஜிபேல காசு அனுப்பினது மட்டும் ஆதாரமா இருக்கு. 1915ங்கற நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் பண்ணி புகார் பதிஞ்சேன், சிவகங்கை நுகர்வோர் ஆணையத்துலயும் மனு போட்டாச்சு. 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். தொழிலுக்கு ஓடற வண்டின்னா புகார் செல்லாதுன்னு சிலர் பயமுறுத்தினாங்க, சொந்தமா ஓட்டி அதுலயே பொழைக்கறவனுக்கு சட்டத்துல இடம் இருக்கு. ஆனா ஜிஎஸ்டி பில், அதுல கூலர் பேர், பார்ட் நம்பர், ஆயில் வகை எல்லாம் எழுதி வாங்கியிருந்தா நான் இவ்வளவு அலைஞ்சிருக்க மாட்டேன். நீங்க வாங்குங்க, வெக்கப்படாம கேளுங்க.

பழைய கூலர், ஊறின ஹோஸ், துகள் படிஞ்ச துணி எல்லாத்தையும் ஒரு சாக்குல கட்டி வீட்டுத் திண்ணைல வச்சிருக்கேன், ஆணையத்துல காட்டணும். கூலர் போடற எண்ணத்துல இருக்கறவங்க யாரா இருந்தாலும் வந்து கைல எடுத்துப் பாருங்க, புதுசுக்கும் பெயின்ட் அடிச்சதுக்கும் என்ன வித்தியாசம்னு நானே காட்டறேன்.