அணையாத எஞ்சின் விளக்குக்கு இ.எல்.எம்.327 புளூடூத் அடாப்டர்: வாங்கலாமா?

பழைய பெட்ரோல் காரில் பி0171 என்ற பழுதுக் கோடு (கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) அழிக்க அழிக்கத் திரும்ப வருகிறதா? ஆக்சிஜன் சென்சாரை மாற்றிக் காசைக் கரைக்கும் முன், எஞ்சின் கணினி சொல்வதைப் போனில் காட்டும் இந்த அடாப்டரை வாங்குங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட்டில் செருகி, ஆண்ட்ராய்டு போனில் ஓர் ஆப் போட்டால் போதும்.

கோடு படிப்பது இதற்குச் சின்ன வேலை. ஃபியூயல் டிரிம், அதாவது எஞ்சின் கணினி பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டுவதுதான் அருமை. எஞ்சின் சூடானதும் ஐடிலில் ஷார்ட் (உடனடி), லாங் (நீண்டகால) டிரிம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். +20 சதவீதம் இருந்து, 2,500 ஆர்.பி.எம்.மில் +5க்கு இறங்கினால் காற்றுக் கசிவு: வெடித்த வேக்குவம் ஹோஸ், பி.சி.வி. (கிராங்க்கேஸ் காற்றோட்ட) குழாய், மேனிஃபோல்டு கேஸ்கெட். இது, உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிக்கு. மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் வண்டியில் அதே கசிவு பெரும்பாலும் ஐடில் வேகத்தைத்தான் கூட்டும். ஐடிலில் சரியாக இருந்து, புளியரை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் மிதிக்கும்போது டிரிம் ஏறுகிறதா? அடைத்த ஃபியூயல் ஃபில்டர், பம்ப் பிரஷர், அழுக்கேறிய ஏர்ஃப்ளோ சென்சார் என்று தேடுங்கள்.

மலிவு நகல்கள் சிலவற்றில் கே-லைன் (பழைய ஒற்றைக் கம்பித் தகவல் வழி) வேலை செய்யாது. பழைய வண்டிகள் பல அந்த வழியில்தான் பேசும். அதில் ஓடும் ஐ.எஸ்.ஓ. 9141, கே.டபிள்யூ.பி.2000 முறைகள் இரண்டும் உண்டா என்று கேட்டே வாங்குங்கள். ஏர்பேக், ஏ.பி.எஸ். கோடுகளை இதில் எதிர்பார்க்க வேண்டாம்.

16ஆம் பின்னில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும்; செருகியபடியே விட்டால் பேட்டரி இறங்கிவிடும். கோடை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃபிரேமை (கோடு விழுந்த நேரத்து எஞ்சின் அளவுகள்) ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அழித்தால் அதுவும் போய்விடும்.