ஹாஜ்டன் நிறுவனத்தின் தோட்டா மறுநிரப்புத் தரவுச் சேவை: ஒரு மதிப்பீடு

சுட்ட தோட்டாவின் பித்தளை உறையை வீட்டிலேயே மீண்டும் நிரப்பும் பழக்கம் அமெரிக்காவில் பரவலாக உண்டு. அதில் வெடிமருந்தின் அளவை யார் சொல்லித் தெரிந்துகொள்கிறோம் என்பதே உயிர்நாடியான கேள்வி. கான்சாஸ் மாநிலத்தின் ஹாஜ்டன் நிறுவனம் இணையத்தில் இலவசமாக அளிக்கும் தரவுச் சேவையை நான் நம்பக் காரணம், மருந்தை விற்பவரே சோதித்து, தொடக்க அளவையும் உச்ச அளவையும் சுடும்போது எழும் அழுத்தத்தோடு சேர்த்து வெளியிடுவதுதான்.

பெயர்க் குழப்பத்தை நீக்குவதில் இதன் பயன் பெரிது. எச்4350, ஐஎம்ஆர் 4350 ஆகிய இரண்டும் எண்ணால் ஒன்றாகத் தோன்றினாலும் வெவ்வேறு மருந்துகள் என்பதால், ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் பயன்படுத்துவது ஆபத்து; எச்110, வின்செஸ்டர் 296 ஆகியவையோ, வேடிக்கையாக, இரு பெயர் கொண்ட ஒரே மருந்து.

குறைகளும் உண்டு. சில பதிவுகளில் அழுத்தம் செப்புத் துண்டு எவ்வளவு நசுங்குகிறது என்பதைக் கொண்டு கணிக்கும் பழைய செப்பு நசுங்கல் அலகிலும், சிலவற்றில் சதுர அங்குலத்துக்கான பவுண்டுகளிலும் தரப்படுகிறது. இவ்விரண்டையும் நேரடியாக ஒப்பிட முடியாது என்பது புதியவருக்குத் தெரிந்திருக்காது. இச்சேவையில் இடம்பெறாத அலையன்ட், விட்டாவூரி நிறுவனங்களின் மருந்துகளை வைத்திருப்பவர்கள் அந்தந்த நிறுவனத்தின் கையேட்டைத்தான் நாட வேண்டும்.