டயட்டில் கண்டிப்பா, கனிவா?

எடை குறைக்க இறங்குபவர்களுக்குப் பொதுவாக இரண்டு வழிகள். ஒன்று கண்டிப்பு: கலோரி ஆப், தினமும் எடை மெஷின், தொடவே கூடாத பண்டங்களின் பட்டியல், மீறினால் தன்னைத் தானே திட்டிக்கொள்வது. இன்னொன்று, அதே எடைக்குறைப்பைத் தன்மேல் கோபப்படாமல் செய்வது. இரண்டிலும் இருந்து பார்த்துவிட்டு நான் இரண்டாவதற்கு வந்துவிட்டேன். நடுநிலைத் தீர்ப்பை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

கண்டிப்பின் பலம் ஆரம்ப வேகம். எண் இறங்க இறங்க உற்சாகம் வரும். காய்கறி, நடை, தூக்கம் இரண்டுக்கும் பொது.

எனக்குத் தீர்மானமாக அமைந்தது ஒரே விஷயம், சறுக்கிய பிறகு வரும் அடுத்த வேளை. கல்யாணப் பந்தியில் இலையில் ஜாங்கிரி விழுகிறது, சாப்பிட்டுவிடுகிறோம். ஒரு ஜாங்கிரியால் யாருக்கும் தொப்பை போடாது. 'கெட்டது கெட்டாச்சு, திங்கட்கிழமை பார்த்துக்கலாம்' என்று அன்று ராத்திரியே பரோட்டாக் கடையில் உட்காருகிறோமே, வினை அங்கேதான். 1975இல் ஹெர்மன், மேக் இருவரும் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. மில்க்‌ஷேக் குடிக்க வைத்துவிட்டு ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடுபவர்கள் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் வாயைக் கட்டுபவர்கள்தான் கூடுதலாகச் சாப்பிட்டார்கள்!

கனிவு இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. ஆடம்ஸ், லியரி இருவரின் 2007 ஆய்வில் கல்லூரிப் பெண்கள் டோனட் சாப்பிட்டார்கள். சிலரிடம் மட்டும், 'எல்லாரும்தான் இதெல்லாம் சாப்பிடுகிறார்கள், உங்களை நொந்துகொள்ளாதீர்கள்' என்ற அர்த்தத்தில் பேசினார்கள். அடுத்து மிட்டாய் வந்தபோது, வாயைக் கட்டும் பழக்கமுள்ளவர்களில் அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் குறைவாகவே எடுத்தார்கள்.

செல்லம் கொடுத்தால் கெட்டுப்போவோம் என்று நம் வீடுகளில் ஒரு பயம் உண்டு. ஆனால் தன்மேல் காட்டும் கனிவு செல்லம் அல்ல. உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003இல் அந்தக் கனிவை மூன்றாகப் பிரித்தார்: தன்னிடம் அன்பாக இருப்பது, தடுமாறுவது மனித இயல்பு என்று உணர்வது, நடந்ததை ஊதிப் பெருக்காமல் பார்ப்பது. இதில் எதுவும் 'இன்னொரு ஜாங்கிரி வைங்க' என்று சொல்லவில்லை. நடைமுறையில், பந்தி முடிந்த அன்று ராத்திரி பட்டினியும் வேண்டாம், பரோட்டாவும் வேண்டாம், வழக்கமான இட்லி போதும். தண்டனையாகப் பட்டினி கிடந்தால் நடுராத்திரி ஃப்ரிட்ஜைத் திறப்பது நிச்சயம்.

ஆனால் ஒன்று. மேலே சொன்னவை ஒரே அமர்வில் முடிந்த சோதனைகள், மாதக்கணக்கில் எடை இறங்கியதற்கான சாட்சி அல்ல. என் அனுபவமும் ஒருத்தியின் அனுபவம்தான். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தையும் அளவையும் டாக்டரிடம் கேட்டே மாற்றவேண்டும். நிறுத்த முடியாமல் சாப்பிடும் தொல்லை அடிக்கடி வந்தால் அதற்கும் மருத்துவ உதவி வேண்டும்.

எடை மெஷினை நான் தூக்கிப் போடவில்லை, வாரம் ஒருமுறை ஏறுகிறேன். அளவு மீறினால் சிவப்பில் மிரட்டும் அந்த ஆப்பை மட்டும் அழித்துவிட்டேன்.