எலக்ட்ரான் அமைப்பு: 2, 8, 8 முறையா, ஆர்பிட்டால் முறையா?

வேகம்: 2, 8, 8 முறை, அதாவது அணுக்கருவைச் சுற்றி ஒவ்வொரு கூட்டிலும் எத்தனை எலக்ட்ரான் என்று எழுதுவதுதான் சுருக்கம். சோடியம் 2, 8, 1. இணைதிறன் 1 என்பது பார்த்தவுடனே தெரியும். ஆர்பிட்டாலில் (கூட்டுக்குள் எலக்ட்ரான் இருக்கும் பகுதி) 1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3எஸ்¹ என்று நீளும்: முன்னால் உள்ள எண் கூடு, எழுத்து ஆர்பிட்டால் வகை, மேலே உள்ள எண் எலக்ட்ரான் எண்ணிக்கை.

எதுவரை தாங்கும்: முதல் முறை கால்சியத்தோடு (அணு எண் 20) சரி. மூன்றாம் கூட்டில் 18 பேருக்கு இடமிருந்தும் பொட்டாசியம் (19) ஏன் 2, 8, 9 ஆகாமல் 2, 8, 8, 1 ஆகிறது? அதனிடம் பதில் கிடையாது. ஆர்பிட்டால் முறை சொல்லிவிடும்: அங்கே 3டியைவிட 4எஸ்ஸுக்கு ஆற்றல் குறைவு, அதனால் அதுதான் முதலில் நிரம்பும்.

சறுக்கும் இடம்: இரும்பு (26) 3டி⁶ 4எஸ்². இரும்பு 2+ அயனிக்கு (இரண்டு எலக்ட்ரான் இழந்த இரும்பு) 3டியில் கைவைத்து 3டி⁴ 4எஸ்² என்று எழுதுவார்கள், மதிப்பெண் போகும். வெளியே இருக்கும் 4எஸ் எலக்ட்ரான்கள்தான் முதலில் கழலும், மிஞ்சுவது 3டி⁶. குரோமியமோ (24) தனி ரகம்: வரிசைப்படி வரவேண்டிய 3டி⁴ 4எஸ்² அல்ல, 3டி⁵ 4எஸ்¹.

பத்தாம் வகுப்புக்கும் வேதிச்சமன்பாட்டுக்கும் கூடுகள் போதும். இடைநிலைத் தனிமங்கள், காந்தத்தன்மை என்று வந்துவிட்டால் ஆர்பிட்டால்தான்.